ஆர்ச்சி ஹானும் அந்த 21.6 வினாடியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் 60, 100, 200 மீட்டர் மூன்றிலும் தங்கம் வென்றவர் அமெரிக்கர் ஆர்ச்சி ஹான். பழைய முடிவுப் பட்டியல்களில் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் 7.0, 11.0, 21.6 என்று மூன்று எண்கள் இருக்கும். அவற்றை மட்டும் பார்த்தால் இன்றைய கல்லூரி ஓட்டக்காரர்கூட அவரைத் தாண்டிவிடுவார் என்று தோன்றும். அல்லது 21.6 என்பது அந்தக் காலத்துக்கு நம்பவே முடியாத வேகமாகத் தெரியும். இரண்டுமே அவசர முடிவுகள். அந்த எண்கள் எந்த மண்ணில், எந்த விதியில், எந்தக் கடிகாரத்தில் பிறந்தன என்று தெரிந்தால்தான் அந்த மனிதர் எப்பேர்ப்பட்ட ஓட்டக்காரர் என்பது புரியும்.

ஹான் எங்கே பிறந்தார்? ‘மில்வாக்கி எரிநட்சத்திரம்’ என்கிறார்களே, மில்வாக்கிக்காரரா?

பிறந்தது 1880 செப்டம்பரில், விஸ்கான்சின் மாநிலத்தின் டாட்ஜ்வில் என்ற சிற்றூரில். முழுப்பெயர் சார்லஸ் ஆர்ச்சிபால்ட் ஹான். மில்வாக்கி அவருடைய பிறந்த ஊர் அல்ல. 1904-இல் அவர் மில்வாக்கி அத்லெட்டிக் கிளப்பின் சட்டையில் ஓடினார், பட்டப்பெயர் அப்படி வந்தது. அக்காலத்தில் கல்லூரி மாணவர்கள் படிப்புக்காலத்தில் கல்லூரிக்கும், கோடை விடுமுறையில் ஏதாவது கிளப்புக்கும் ஓடுவது வழக்கம். ஹான் படித்தது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், சட்டம். ஆகவே ஒரு பட்டியலில் ‘மிச்சிகன்’ என்றும் இன்னொன்றில் ‘மில்வாக்கி’ என்றும் இருந்தால் குழம்ப வேண்டாம், ஒரே ஆள்தான்.

சிறுவயதிலிருந்தே ஓட்டக்காரரா?

இல்லை. பள்ளி நாட்களில் அமெரிக்கக் கால்பந்தில்தான் பெயர் எடுத்தார். தடகளத்துக்குப் பதின்பருவத்தின் கடைசியில்தான் வந்தார். மிச்சிகனில் கீன் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற பயிற்சியாளரின் கையில் விழுந்தது அவருடைய அதிர்ஷ்டம். 1904-இல் தங்கம் வென்ற குண்டு எறிதல் வீரர் ரால்ஃப் ரோஸும், கோலூன்றித் தாண்டுதல் வீரர் சார்லஸ் டுவோராக்கும் அதே மிச்சிகன் அணியினர்தான்.

1903-இல் ஏ.ஏ.யூ. எனப்படும் அமெச்சூர் தடகள யூனியனின் தேசியப் போட்டியில் 100 கஜம், 220 கஜம் இரண்டையும் வென்றார். கனடாவின் பட்டங்களும் அதே ஆண்டில் அவருக்கே. செயின்ட் லூயிஸுக்கு அவர் யாரும் அறியாத ஆளாக வரவில்லை. வெல்வார் என்று எதிர்பார்க்கப்பட்டவராகத்தான் வந்தார்.

ஆள் எவ்வளவு உயரம்?

சுமார் 5 அடி 6 அங்குலம். குறுந்தூர ஓட்டத்துக்கு இன்றைய கண்ணோட்டத்தில் குட்டையான உடல்வாகு. ஆனால் கால் எட்டு சிறியதாக இருப்பவருக்குக் குனிந்த நிலையிலிருந்து எழுந்து கால்களை வேகமாக மாற்றுவது எளிது. பந்தயம் எவ்வளவு குறுகியதோ அவ்வளவுக்கு இது உதவும். ஹானின் பலம் முழுக்க முதல் 30 மீட்டரில் இருந்தது.

1904-இல் மூன்று பந்தயங்களும் எப்படி நடந்தன?

ஆகஸ்ட் 29-ஆம் தேதி 60 மீட்டர். ஹான் தொடக்கத்திலேயே முன்னே பாய்ந்து 7.0 வினாடியில் முடித்தார். வில்லியம் ஹோகன்சன் இரண்டாவது, ஃபே மோல்டன் மூன்றாவது. இந்தப் பந்தயம் ஒலிம்பிக்கில் 1900, 1904 என்று இரண்டே முறைதான் நடந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 31-இல் 200 மீட்டர். இறுதிப் போட்டியில் நான்கே பேர்: ஹான், நதேனியல் கார்ட்மெல், ஹோகன்சன், மோல்டன். ஹான் 21.6. இந்தப் பந்தயத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, கீழே வருகிறது.

செப்டம்பர் 3-இல் 100 மீட்டர். ஹான் 11.0, கார்ட்மெல் இரண்டாவது, ஹோகன்சன் மூன்றாவது. இந்த 11.0 ஒலிம்பிக் சாதனை அல்ல. 1900 பாரிஸில் தகுதிச் சுற்றிலேயே ஃபிராங்க் ஜார்விஸும் வால்டர் டியூக்ஸ்பரியும் 10.8 ஓடியிருந்தார்கள். (அதே பாரிஸில் 200 மீட்டரில் டியூக்ஸ்பரிக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தவர் கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சர்ட்.)

ஆறு நாட்களுக்குள் மூன்று பட்டங்கள். ஒரே ஒலிம்பிக்கில் 100, 200 இரண்டையும் வென்ற முதல் ஆள் ஹான். 1912-இல் ரால்ஃப் கிரெய்க், 1928-இல் பெர்சி வில்லியம்ஸ், 1932-இல் எடி டோலன், 1936-இல் ஜெஸ்ஸி ஓவன்ஸ் என்று நீளும் வரிசை அவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

200 மீட்டர் பந்தயத்தில் எதிராளிகளைப் பின்னால் தள்ளி நிறுத்தினார்கள் என்பது உண்மையா?

உண்மை. துப்பாக்கிக்கு முன்பே ஹானைத் தவிர மற்ற மூவரும் கிளம்பிவிட்டார்கள். இன்றைக்கு என்றால் ஃபால்ஸ் ஸ்டார்ட் செய்தவரை உடனே வெளியே அனுப்பிவிடுவார்கள். அன்றைய விதி வேறு: தவறியவர் கோட்டுக்குப் பின்னால் தள்ளி நிற்க வேண்டும், அவ்வளவுதான். மூவரும் ஆளுக்கு ஒரு கஜம் பின்னால் போனார்கள். ஹான் மட்டும் கோட்டிலிருந்து கிளம்பினார்.

அப்படியென்றால் அந்த வெற்றி தண்டனையால் கிடைத்த வெற்றியா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 மீட்டரை 21.6 வினாடியில் கடந்தால் சராசரி வேகம் வினாடிக்கு 9.26 மீட்டர். ஒரு கஜம் என்பது 0.91 மீட்டர். அந்த வேகத்தில் அதைக் கடக்க ஆகும் நேரம் 0.1 வினாடி. கார்ட்மெல்லுக்குக் குறிக்கப்பட்ட நேரம் 21.9. இடைவெளி 0.3 வினாடி, அதாவது ஏறக்குறைய 2.8 மீட்டர். ஒரு கஜத்தைத் திருப்பிக் கொடுத்தாலும், ஏன் இரண்டு கஜத்தைக் கொடுத்தாலும், ஹான்தான் முன்னால் இருப்பார்.

ஆனால் இந்தக் கணக்கு முழு விடை இல்லை. ஒருமுறை தவறியவர் மறுபடி கோட்டில் குனியும்போது மனம் வேறு மாதிரி இருக்கும். இன்னொரு முறை தவறினால் இன்னும் பின்னால் போக வேண்டும் என்ற பயத்தில் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் கிளம்புவார். அந்தத் தயக்கம் ஒரு கஜத்தைவிடப் பெரிய நஷ்டம். தொடக்கமே பலமாக உள்ள ஒருவரை எதிர்த்து அந்தத் தயக்கத்தோடு ஓடுவது கடினம். ஹான் வென்றிருப்பார் என்பதே எங்கள் கருத்து, இடைவெளிதான் குறைந்திருக்கும்.

21.6 வினாடி 28 ஆண்டுகள் ஒலிம்பிக் சாதனையாக நின்றது எப்படி?

முதல் காரணம், ஓடுபாதை. செயின்ட் லூயிஸில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்சிஸ் ஃபீல்டில் ஒரு சுற்று மூன்றில் ஒரு மைல், அதாவது 536 மீட்டர். அவ்வளவு பெரிய வட்டத்தில் ஒரு பக்கத்தின் நேர்ப்பாதையே 200 மீட்டரை மிஞ்சும். எனவே ஹான் வளைவே இல்லாமல் நேர்க்கோட்டில் ஓடினார். ஒலிம்பிக்கில் 200 மீட்டர் முழுக்க நேர்ப்பாதையில் நடந்தது அந்த ஒருமுறைதான்.

வளைவில் ஓடும்போது உடலை உள்பக்கம் சாய்க்க வேண்டும். தரையை உந்தும் பலத்தில் ஒரு பங்கு உடலைத் திருப்புவதற்கே போய்விடும். நேர்ப்பாதைக்கும் வளைவுப் பாதைக்கும் 200 மீட்டரில் 0.3 முதல் 0.4 வினாடி வித்தியாசம் என்பது நெடுநாளாகப் புழங்கும் கணக்கு.

இரண்டாவது, காற்று. வளைவுப் பாதையில் பாதித் தூரம் காற்று பின்னால் இருந்தால் மீதித் தூரத்தில் பக்கவாட்டிலோ எதிரிலோ மாறும். நேர்ப்பாதையில் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே திசை. அன்று காற்றை அளக்கும் கருவியும் கிடையாது, வினாடிக்கு 2 மீட்டர் என்ற வரம்பும் கிடையாது. அந்த வரம்பு 1930-களில்தான் வந்தது.

1924 பாரிஸில் ஜாக்சன் ஷோல்ஸ் அதே 21.6-ஐ வளைவோடு ஓடிச் சமன் செய்தார். 1932 லாஸ் ஏஞ்சலஸில்தான் சாதனை முறிந்தது, இறுதியில் எடி டோலன் 21.2 ஓடி வென்றார். ஷோல்ஸின் 21.6 ஹானுடையதைவிடத் தரத்தில் மேலானது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. அதைச் சொல்வதால் ஹானின் மதிப்பு குறையாது. இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு வேறு பந்தயங்கள், அவ்வளவே.

நேர்ப்பாதை 200 மீட்டர் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 2010-இல் மான்செஸ்டர் நகரத் தெருவில் போட்ட தற்காலிகப் பாதையில் டைசன் கே அதை 19.41-இல் ஓடினார்.

அன்று நேரத்தை எப்படி அளந்தார்கள்? எவ்வளவு நம்பலாம்?

கையில் பிடிக்கும் ஸ்டாப்வாட்ச், முடிவுக்கோட்டில் மூன்று பேர். கடிகாரத்தில் ஒரு வினாடி ஐந்து கூறாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஆகவே அதிகாரபூர்வ நேரம் .0, .2, .4, .6, .8 என்றுதான் முடியும். ஹானின் 7.0, 11.0, 21.6 மூன்றும் இந்த விதிக்குப் பொருந்துவதைக் கவனியுங்கள். முள் இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்றால் மெதுவான பக்கத்தை எடுப்பார்கள். இரண்டு கடிகாரம் ஒத்துப்போனால் அதுவே நேரம். மூன்றும் வேறுவேறு என்றால் நடுவில் உள்ளது.

கார்ட்மெல்லின் 21.9 மட்டும் இந்தக் கூறில் உட்காரவில்லையே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அக்காலத்தில் முதலாமவருக்கு மட்டுமே கடிகாரம் பிடிப்பார்கள். இரண்டாம், மூன்றாம் இடத்தார் எத்தனை அடி பின்னால் வந்தார்கள் என்று கண்ணால் குறித்துக்கொள்வார்கள். பட்டியல்களில் காணும் அவர்களுடைய நேரங்கள் அந்தத் தூரத்திலிருந்து கணக்கிடப்பட்டவை. அவற்றைத் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடிகாரத்தின் ஒரு கூறு, அதாவது 0.2 வினாடி, ஹானின் வேகத்தில் 1.85 மீட்டர். ஒரு முழு ஆள் நீளத்துக்கும் மேல் அந்த ஒரு கோட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. நூறில் ஒரு பங்கு வினாடிக்குச் சண்டை போடும் இன்றைய பழக்கத்தில் இதைப் படிக்கக் கூடாது.

இன்னொரு சிக்கல் துப்பாக்கி. ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். நேர்ப்பாதை 200 மீட்டரில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் 200 மீட்டர் இடைவெளி. சத்தம் நேரக்காரரை அடைய ஏறக்குறைய 0.6 வினாடி ஆகும். சத்தத்தைக் கேட்டு அமுக்கினால் ஓட்டக்காரருக்கு 0.6 வினாடி இலவசம். அதனால்தான் துப்பாக்கியின் புகையைப் பார்த்து அமுக்க வேண்டும் என்பது விதி. அப்படிப் பார்த்து அமுக்குவதிலும் மனிதக் கண்ணும் விரலும் 0.2 வினாடி தாமதிக்கும். முடிவில் அந்தத் தாமதம் வராது, ஆள் வருவதைப் பார்த்துக்கொண்டே சரியாக நிறுத்திவிடலாம். எனவே கையால் அமுக்கும் ஸ்டாப்வாட்ச் நேரம் எப்போதும் உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். 100, 200 மீட்டருக்கு 0.24 வினாடி கூட்டுவது இன்றைய வழக்கம்.

அப்படியானால் இன்றைய மின்கடிகாரத்தில் ஹானின் நேரம் என்னவாக இருக்கும்?

100 மீட்டர்: 11.0 கூட்டல் 0.24, ஆக 11.24. 200 மீட்டர்: 21.6 கூட்டல் 0.24, ஆக 21.84, வளைவுக்கு இன்னும் 0.3 முதல் 0.4 சேர்த்தால் 22.1 முதல் 22.2 வரை. காற்றை இதில் சேர்க்க வழியில்லை.

இந்த நேரங்களை உசேன் போல்ட்டின் 9.58, 19.19 பக்கத்தில் வைப்பது வீண். ஹான் ஓடிய தரை வேறு, காலில் இருந்த செருப்பு வேறு, கிளம்பிய விதம் வேறு. அவரோடு அதே கோட்டில் நின்றவர்களை அவர் எவ்வளவு தூரத்தில் வென்றார் என்பதுதான் நியாயமான அளவு.

அந்தத் தரை எப்படி இருந்தது?

சிண்டர் பாதை. கொதிகலன்களில் எரிந்த நிலக்கரியின் கசடைச் சலித்துப் பரப்பி, தண்ணீர் தெளித்து, உருளையால் அழுத்தியது. நன்றாகப் பராமரித்தால் கெட்டியாக இருக்கும். காய்ந்துவிட்டால் மேல்பரப்பு பொடியாகி ஒவ்வொரு எட்டிலும் கால் கொஞ்சம் பின்னால் வழுக்கும். மழை பெய்தால் சேறு. ஒரே இடத்தில் பல சுற்றுப் பந்தயங்கள் நடந்தால் தொடக்கக்கோட்டுப் பகுதி குழியும் மேடுமாகிவிடும். இன்றைய செயற்கைத் தளம் காலைத் திருப்பி உந்தும், சிண்டர் உந்தாது.

செருப்பு தோலால் தைத்தது, பாதத்தின் முன்பகுதியில் ஆறு ஆணி. பொடித் தரையைக் கவ்வ வேண்டியிருந்ததால் ஆணிகள் இன்றையதைவிட நீளம். கையில் தக்கைத் துண்டு பிடித்து ஓடும் பழக்கமும் அன்றைய ஓட்டக்காரர்களிடம் பரவலாக இருந்தது. எதையாவது இறுகப் பிடித்தால் மேலுடல் முறுக்கேறி வேகம் கூடும் என்பது நம்பிக்கை. இப்போதைய பயிற்சியாளர்கள் நேர்எதிராக, விரலையும் தாடையையும் தளர்த்தச் சொல்கிறார்கள்.

ஸ்டார்ட்டிங் பிளாக் இருந்ததா?

கிடையாது. காலை ஊன்றி உந்திக் கிளம்ப உதவும் கட்டையான பிளாக் 1920-களின் கடைசியில்தான் உருவானது, ஒலிம்பிக்கில் முதலில் பயன்பட்டது 1948-இல். 1929-இல் ஜார்ஜ் சிம்ப்சன் பிளாக்கிலிருந்து கிளம்பி 100 கஜத்தை 9.4-இல் ஓடினார், பிளாக் பயன்படுத்தினார் என்பதற்காகவே அதை உலக சாதனையாக ஏற்க மறுத்தார்கள்.

ஹான் காலத்தில் ஒவ்வொருவரும் தன் இடத்தில் சிறு கரண்டியால் இரண்டு குழி தோண்டிக்கொள்வார்கள். குனிந்து கிளம்பும் முறையே அப்போது புதிது. 1888-இல் யேல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஷெரில் அதைப் பந்தயத்தில் காட்டினார். 1896 ஏதென்ஸில் 100 மீட்டர் இறுதியில் குனிந்து கிளம்பியவர் பாஸ்டனின் தாமஸ் பர்க் ஒருவர்தான். வென்றவரும் அவரே, 12.0 வினாடி. எட்டே ஆண்டில் செயின்ட் லூயிஸில் அமெரிக்கக் குறுந்தூர வீரர்களுக்கு அது பழகிப்போன முறையாகிவிட்டது.

குழித் தொடக்கத்தை எப்படி அமைப்பது? பிளாக் இல்லாத மண் மைதானத்தில் இப்போதும் செய்யலாமா?

பயிற்சிக்குத் தாராளமாகச் செய்யலாம். அதிகாரபூர்வப் போட்டியில் 400 மீட்டர்வரை பிளாக் கட்டாயம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வலுவான கால் எதுவோ அது முன்னால். கோட்டிலிருந்து ஒன்றரைப் பாத நீளம் தள்ளி முன்குழியைக் குறியுங்கள். (பழைய ஆட்கள் கோட்டுக்கு இன்னும் நெருக்கமாக வைப்பார்கள். தொடையில் பலம் குறைந்த மாணவருக்கு அது ஒத்துவராது.) இப்போது மண்டி போட்டு உட்காருங்கள். பின்காலின் முட்டி முன்பாதத்தின் விரல் பகுதிக்குப் பக்கத்தில் வர வேண்டும். அப்போது பின்பாதத்தின் விரல்கள் எங்கே ஊன்றுகின்றனவோ அங்கே பின்குழி. இரண்டு குழிக்கும் இடையே 40 முதல் 50 சென்டிமீட்டர் வரும். பக்கவாட்டில் ஒரு கையகலம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் முதல் எட்டில் கால்கள் உரசும்.

குழியின் ஆழத்தைவிட அதன் பின்சுவர்தான் முக்கியம். முன்குழியின் பின்சுவர் சற்றுச் சாய்வாகவும் பின்குழியின் பின்சுவர் ஏறக்குறைய செங்குத்தாகவும் இருக்கட்டும். பாதத்தின் முன்பகுதி முழுதாக அந்தச் சுவரில் பதிய வேண்டும்.

எது தவறிப்போகும் என்றால், முதலில் சுவர் உதிர்வது. காய்ந்த மண்ணில் தோண்டினால் உந்தும் கணத்தில் சுவர் பொலபொலவென்று விழுந்து கால் வழுக்கும். தோண்டுமுன் தண்ணீர் தெளித்து அடித்துக் கெட்டியாக்குங்கள். அடுத்தது, அதிக ஆழம். குழி ஆழமாக இருந்தால் கால் முன்னே வரும்போது விரல் குழியின் விளிம்பில் தட்டித் தடுக்கும். இரண்டு குழியையும் மிக நெருக்கமாக வைப்பது இன்னொரு தவறு. கோட்டைவிட்டு வேகமாகக் கிளம்புவதுபோல் தோன்றும், ஆனால் தரையை உந்தும் நேரம் குறைந்துவிடுவதால் பத்தாவது மீட்டரிலேயே பின்தங்குவீர்கள். பயிற்சி முடிந்ததும் குழிகளை மூடி மிதித்துவிடுங்கள்; அடுத்து ஓடுபவரின் கணுக்கால் அதில் மடங்கும்.

‘செட்’ என்றதும் இடுப்பு தோளைவிடச் சற்று உயரத்தில் நிற்க வேண்டும், உடல் எடை கைக்கு வர வேண்டும். அதே சமயம் கை நடுங்கும் அளவுக்கு முன்னால் சாய்ந்தால் ஃபால்ஸ் ஸ்டார்ட்தான். 1904-இல் மூவருக்கும் நேர்ந்தது எந்தப் பயிற்சி மைதானத்திலும் தினமும் பார்க்கக் கூடியதே: பக்கத்தில் உள்ளவர் வேகமாகக் கிளம்புவார் என்று தெரிந்தால் நாமும் முந்தப் பார்ப்போம்.

1904 போட்டியில் அமெரிக்கர்கள் மட்டும்தானே ஓடினார்கள்? அந்தத் தங்கத்துக்கு என்ன மதிப்பு?

இந்தக் குறை நியாயமானது. செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் உலகக் கண்காட்சியோடு சேர்த்து நடந்தது. கடல் கடந்து, பிறகு ரயிலில் அமெரிக்காவின் நடுப்பகுதிவரை போவதற்கு ஐரோப்பிய வீரர்கள் பெரும்பாலோருக்கு வசதி இல்லை. வந்தவர்களில் மிகப் பெரும்பான்மை அமெரிக்கர்கள். ஹானின் மூன்று பந்தயங்களிலும் முதல் மூன்று இடம் பிடித்தவர்கள் எல்லோருமே அமெரிக்கர்கள்.

ஆனால் அன்று குறுந்தூர ஓட்டத்தில் உலகிலேயே கடும் போட்டி இருந்த நாடும் அமெரிக்காதான். அதைவிடப் பெரிய பதில் 1906 ஏதென்ஸ்.

1906-இல் என்ன நடந்தது?

1904, 1908 ஒலிம்பிக்குகளுக்கு நடுவே ஏதென்ஸில் நடந்த இடைக்கால விளையாட்டுக்கு அமெரிக்கா முதன்முறையாக அதிகாரபூர்வமாகத் தேர்ந்தெடுத்த அணியை அனுப்பியது. பயணம் பார்பரோசா என்ற கப்பலில். நடுக்கடலில் ராட்சத அலை ஒன்று தளத்தின் மேல் அடித்து வீரர்கள் சிலர் காயமடைந்தார்கள். கப்பலில் பல நாள் கிடந்து, ஓட இடமில்லாமல், இறங்கியதும் ஓடுவது குறுந்தூர வீரருக்குப் பெரிய சோதனை. கப்பலின் ஆட்டத்தில் நிற்கப் பழகிய கால்கள் கெட்டித் தரைக்குத் திரும்பச் சில நாளாகும்.

பானதினைக்கோ மைதானத்தில் பல நாட்டவர் கலந்துகொண்ட 100 மீட்டரில் ஹான் 11.2 வினாடியில் வென்றார். இரண்டாவது மோல்டன், மூன்றாவது ஆஸ்திரேலியாவின் நைஜல் பார்க்கர். கொண்டை ஊசிபோலக் கூர்மையாகத் திரும்பும் அந்த நீள மைதானத்தில் 200 மீட்டர் நடத்தவே இல்லை; நடத்தியிருந்தால் இன்னொன்றும் கிடைத்திருக்கலாம்.

செயின்ட் லூயிஸின் மூன்றையும்விட இந்த ஒன்றைத்தான் நாங்கள் உயர்வாக மதிக்கிறோம். எதிராளிகள் பல நாட்டவர், ஊர் அந்நியம், தண்டனைக் கஜம் எதுவும் இல்லை.

அப்படியானால் அவருக்கு மூன்று தங்கமா, நான்கா?

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் கணக்கில் மூன்று. 1906 விளையாட்டை அது அதிகாரபூர்வ ஒலிம்பிக்காக ஏற்கவில்லை. வரலாற்றுப் பட்டியல்கள் சில அதையும் சேர்த்து நான்கு என்று எழுதும். 1906-ஐச் சேர்த்தால், 100 மீட்டர் பட்டத்தை அடுத்தடுத்து இருமுறை வென்ற முதல் ஆள் ஹான். ஆண்களில் அவருக்குப் பின் அதை முதலில் செய்தவர் கார்ல் லூயிஸ், 1984-இலும் 1988-இலும். முதலாவதாக வந்தவருக்குத் தங்கப் பதக்கம் என்ற வழக்கமே 1904-இல் தொடங்கியதுதான்.

ஓட்டத்தை விட்டபின் என்ன செய்தார்?

சட்டம் படித்தவர் என்றாலும் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பயிற்சியாளராகவே கழித்தார். அன்றைய அமெச்சூர் விதிப்படி, சம்பளத்துக்குப் பயிற்சி கொடுத்தால் போட்டியில் ஓடக் கூடாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். 1908 லண்டனில் அவர் பெயர் இல்லை.

மிச்சிகனிலும், தன் பழைய குரு ஃபிட்ஸ்பாட்ரிக் இருந்த பிரின்ஸ்டனிலும் பணிபுரிந்தார். 1929 முதல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இருந்தார். ‘ஹவ் டு ஸ்பிரிண்ட்’ என்ற அவருடைய நூல் 1920-களில் வந்து, குறுந்தூர ஓட்டப் பயிற்சியாளர்கள் நெடுங்காலம் கையில் வைத்திருந்த நூலாயிற்று. வென்றவர்கள் பலர், தாம் எப்படி வென்றோம் என்று பிறருக்குப் புரியும்படி எழுதிவைத்தவர்கள் குறைவு. அந்த வகையில் அவர் செய்தது பதக்கத்துக்குச் சற்றும் குறைந்த வேலை அல்ல.

1955 ஜனவரி 21 அன்று வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில்லில் காலமானார். அமெரிக்கத் தடகள ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் இறப்புக்குப் பின்னரே சேர்ந்தது.

பள்ளிக் கட்டுரையிலோ பட்டியலிலோ ஹானின் நேரங்களை எப்படிக் குறிப்பது?

‘21.6’ என்று ஒற்றைத் தசமத்தில் எழுதுங்கள். ‘21.60’ என்று எழுதினால் மின்கடிகாரத்தில் எடுத்தது என்று பொருளாகிவிடும். பக்கத்தில் ‘கை ஸ்டாப்வாட்ச், நேர்ப்பாதை’ என்ற இரண்டு குறிப்பும் வேண்டும். 100 மீட்டர் 11.0-க்கு ‘கை ஸ்டாப்வாட்ச்’ மட்டும் போதும். கார்ட்மெல், ஹோகன்சன் நேரங்களைக் கொடுப்பதானால் ‘கணக்கிட்டது’ என்று குறியுங்கள். 1906-இன் 11.2-ஐத் தனி வரியில், ‘இடைக்கால விளையாட்டு, ஏதென்ஸ்’ என்ற தலைப்பில் போடுங்கள். 100 கஜம் என்பது 91.44 மீட்டர், 220 கஜம் என்பது 201.17 மீட்டர். ஆகவே 1903-இன் கஜப் பந்தய வெற்றிகளை மீட்டர் வரிசையில் கலக்க வேண்டாம்.